ஏரியைச் சுற்றிப் பாதை வேண்டுமா?

ஏரிக்கரை மண்ணாற் கட்டப்பட்டதாயினும் அதன் பயன் நீரைத் தாங்குவதோடு முடிந்துவிடுவதன்று. அது ஆயக்கட்டு நிலங்களுக்குக் காவலாயிருக்கிறது. வண்டிக்கும் கால்நடைக்கும் வழியாகிறது. பனைக்கும் புங்கிற்கும் புல்லுக்கும் இடந்தருகிறது. அவற்றை அண்டி வாழும் எண்ணிறந்த ஜீவராசிகளுக்கு வீடாகவும் அமைகிறது. அண்மைக் காலத்தில் இக்கரைகளுக்கு மற்றோர் உபயோகமும் ஏற்பட்டுள்ளது. நகரங்களிலும் அவற்றை அடுத்த கிராமங்களிலும் ஜனங்கள் காற்று வாங்கி உலாவுதற்கும் மிதிவண்டியிற் செல்லுதற்கும் ஏற்ற பாதைகளை ஏரிக்கரைகளில் அமைப்பது வழக்கமாகி வருகிறது. 2015-ஆம் வருஷத்தில் தொடங்கப்பெற்ற ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின்கீழ்க் கோயம்புத்தூரில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் முதலியவற்றின் கரைகள் இவ்வாறு திருத்தி அமைக்கப்பட்டன. அதனைக் கண்ட பிற ஊர்களிலும் இவ்விருப்பம் எழுவது இயல்பே.

இவ்விருப்பம் தவறானதென்று எவரும் கூறார். மோட்டார் வாகனங்கள் நெருங்கி ஓடும் சாலைகளில் முதியோர் நடக்கவும் சிறுவர் மிதிவண்டி ஓட்டவும் அஞ்சவேண்டியிருக்கிறது. மிதிவண்டி பட்டணத்தாரின் விளையாட்டுக் கருவி மாத்திரமன்று. 1991, 1992-ஆம் வருஷங்களில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டனர். தண்ணீர் கொணரவும், விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும், குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் அது அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. ஏரிகள் நிறைந்த அந்த ஜில்லாவில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குறுக்கு வழி பெரும்பாலும் ஏதேனும் ஒரு கரையின்மீதுதான் செல்லும். ஆகவே நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் நல்ல வழி வேண்டுமென்பதில் ஐயமில்லை. அவ்வழி எங்கே செல்லவேண்டும், எங்கே செல்லலாகாது என்பதே ஆராயத்தக்க விஷயம்.

இவ்விஷயத்தில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. அஃதாவது, ஏரியை முழு வட்டமாகச் சுற்றிவரும் பாதையே சிறந்த பாதை என்று கருதுவது. புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்து சேரலாம் என்பதனால் உலாவுவோர்க்கு அது உவப்பாயிருக்கிறது. வரைபடத்திலும் அழகாகத் தோன்றுகிறது. ஆனால் ஏரி வட்டமான தொட்டியன்று. நிலத்தின் சரிவை நோக்கிப் பிறைவடிவாகக் கரையெடுத்து, மேட்டுப்புறத்தைத் திறந்துவிட்டிருப்பதே தமிழ்நாட்டு ஏரியின் பொதுவான அமைப்பு. மேட்டுப்புறத்தில் கரை கிடையாது. மழைநீரும் வரத்துக்கால்வாய்களும் அவ்வழியாகவே உள்ளே வருகின்றன. சற்றேறக்குறைய 40,000 ஏரி குளங்கள் இருப்பதாகக் கணக்கிடப்படும் இந்நாட்டில், முன்னோர் இத்திறந்த பக்கத்தை மறதியினால் விட்டுவைக்கவில்லை.

இத்திறந்த பக்கத்தில் பாதை அமைக்கவேண்டுமானால், நீர் பரவும் இடத்திற்குள்ளே புதிதாக மண்கொட்டி மேடு எடுக்கவேண்டும். அதனால் விளையும் நஷ்டத்தைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். மேடு 2 மீட்டர் உயரமும், மேற்புறம் 3 மீட்டர் அகலமும், இருபுறச் சரிவையும் சேர்த்து அடியில் 9 மீட்டர் அகலமும் உடையதென்று கொள்வோமாயின், ஒரு கிலோமீட்டர் நீளத்திற்கு அது 12,000 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அத்தனையும் ஏரி நிரம்பும்போது நீர் நிற்கவேண்டிய இடமாயின், ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் 1 கோடியே 20 இலட்சம் லிட்டர் தண்ணீர் குறையும். நெற்பயிர் ஒரு போகத்திற்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் நீர் கொள்ளும். அக்கணக்கின்படி, குறைந்துபோன நீர் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் நெல்லுக்குப் போதுமான நீராகும். உலாவுவோரின் வட்டம் பூர்த்தியாவதற்காகக் கடைமடையில் ஒரு குடியானவனுடைய வயல் காய்ந்துபோகலாம் என்பது இதனால் விளங்கும்.

மேட்டிற்கு வேண்டிய மண்ணை ஏரிக்குள்ளிருந்தே தோண்டி எடுத்தால் கொள்ளளவு குறையாதன்றோ என்று சிலர் வினவக்கூடும். கொள்ளளவு குறையாதிருக்கலாம், ஆயினும் வேறு இரண்டு கேடுகள் நிற்கும். மேடு வரத்துக்கால்வாய்களின் குறுக்கே செல்லுமாதலால், இடையிடையே வைக்கும் குழாய்கள் போதாவிடில் வெள்ளம் உட்புகாமல் அயல் நிலங்களில் ஏறும். மேட்டிற்கு அப்பால் துண்டுபட்டு நிற்கும் நிலம் நாளடைவில் ஏரியின் பகுதியாகக் கருதப்படாமல் ஆக்கிரமிப்புக்கு இலக்காகும். ஏரி நிலத்தைக் காப்பதற்காகவும் ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்காகவும் 2007-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அங்ஙனமிருக்க, ஆக்கிரமிப்பாளர்க்கு எல்லைக்கோடு வகுத்துக் கொடுப்பதுபோல ஒரு பாதையை இடுவது விவேகமாகாது.

இவையெல்லாம் நீரைப்பற்றியவை. உயிர்களைப்பற்றி எண்ணுங்கால், அத்திறந்த பக்கத்தின் மதிப்பு இன்னும் உயர்கிறது. ஆழமான மதகுப்புறத்தைக் காட்டிலும், ஓரடி அரையடி நீர் நிற்கும் மேட்டுப்புறச் சேற்றிலேயே இரை மிகுதி. தவளைகள் முட்டையிடுவதும் மீன்குஞ்சுகள் ஒதுங்குவதும் அங்கேதான். கோரையும் சம்பும் அங்கே செழித்து வளர்கின்றன. உள்ளான்களும் கொக்குகளும் நாரைகளும் இறங்கி மேய்வது அவ்விடத்தில்தான். நீர் வற்ற வற்ற அச்சேற்று ஓரமும் உள்நோக்கி நகர்ந்துகொண்டே செல்லும். பறவைகளும் அதனுடன் நகர்ந்து செல்லும். கற்சுவரோ காங்கிரீட்டுப் படியோ வைத்துவிட்டால் அவ்வோரம் அழிகிறது. ஆமையும் உடும்பும் ஏறியிறங்க வழியில்லை; மாடுகளும் தண்ணீர் குடிக்க இறங்க இயலாது. ஆழமான கரைப்புறத்தில் அலை அரிக்காதிருக்கக் கற்கட்டு அவசியமே. அதனைக் காரணமாகக் காட்டிச் சுற்றுமுற்றும் கல் பதிப்பது அவசியமன்று.

இவ்வுயிர்களால் விவசாயிக்கு ஆகும் நன்மை யாதென்று கேட்பாரும் உளர். ஏர் உழும்போது பின்தொடர்ந்து புழுபூச்சிகளைப் பொறுக்கும் கொக்கையும், வயலில் நத்தையைத் தேடித் தின்னும் நத்தைகுத்தி நாரையையும் அறியாத குடியானவர் இல்லை. கூகையும் ஆந்தையும் இரவெல்லாம் எலி பிடிக்கின்றன. கரிச்சான் பகலெல்லாம் பூச்சி பிடிக்கிறது. பூச்சிக்கொல்லி மருந்தின் செலவைக் குறைக்கும்பொருட்டு, வயலில் ஆங்காங்கே கொம்பு நட்டுக் கரிச்சான் அமர்வதற்கு இடஞ்செய்யுமாறு விவசாயிகளுக்கு யோசனை கூறப்பட்டு வருகிறது. வயலில் அமர்வதற்குக் கொம்பு நட்டுவிட்டு, அப்பறவை கூடுகட்டும் மரத்தைக் கரையில் வெட்டிவிடுவது, விருந்தினனுக்கு இலை போட்டுவிட்டு வாயிற்கதவைச் சாத்துவது போலாகும். பனைமரமும் அவ்வாறே. அதன் ஓலைகளில் தூக்கணாங்குருவி கூடு கட்டுகிறது, பனையுழவாரன் ஒண்டுகிறது, அதன் வேர்கள் கரை மண்ணைப் பற்றிப் பிடிக்கின்றன. ஜில்லா கலெக்டரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென்று 2021-ஆம் வருஷத்து வேளாண்மை வரவு செலவுத் திட்டத்திலேயே அறிவிக்கப்பட்டது. பாதையை நேராக்குவதற்காக ஒரு பனையைச் சாய்ப்பதைவிடப் பனைக்காகப் பாதையைச் சற்றே வளைப்பது எளிது.

பறவைகளால் தீமையே இல்லையென்று கூறுவதும் மிகையாகும். கதிர் முற்றிய வயலில் இறங்கிச் சேதம் செய்யும் பறவைகளும், கரையைத் துளைக்கும் பெருச்சாளிகளும் உண்டு. கரையில் வளர்ந்த பசுமை யாவும் போற்றத்தக்கதன்று. நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக்கருவேலும் பல ஏரிகளை மூடிவிட்டன. அவற்றை அகற்றுவது நன்றே. ஆனால் வேறு மரம் இல்லாத ஏரிகளில் சீமைக்கருவேல மரத்தின்மீதே கொக்குகள் கூடுகட்டுகின்றன. ஆதலால் நாட்டுக்கருவேல், நீர்க்கடம்பு முதலியவற்றை முதலில் வளர்த்து, பின்னர்ச் சிறிது சிறிதாக அவற்றை நீக்குவதே முறை.

சுற்றுப்பாதையினால் நேரும் மற்றொரு தீங்கு கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. நீர்ப்பறவைகள் மனிதனைக் கண்டால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒதுங்கும். கரையின் ஒரு பக்கத்தில் மாத்திரம் ஆள் நடமாட்டம் இருப்பின் அவை மறுபக்கத்தில் அமைதியாக இரை தேடும். நாற்புறமும் காலை முதல் இரவு வரை ஜனங்கள் நடந்துகொண்டும், நாய்களை அழைத்துக்கொண்டும், பாட்டுப்பெட்டி ஒலிக்கச் சென்றுகொண்டுமிருந்தால் ஒதுங்குவதற்கு இடமே இராது. கூடு வைத்திருக்கும் பறவை அஞ்சி எழுந்து பறக்குமாயின், முட்டைகள் வெயிலிற் கிடந்து கெடும். அன்றேல் காகத்திற்கு இரையாகும். மரம் ஒன்றும் வெட்டப்படாமலே, நீர் ஒரு சொட்டும் குறையாமலே, ஏரி வெறுமையாகிவிடக் கூடும்.

விளக்குகளைப்பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். பாதை நெடுக வெண்ணிற விளக்குகளை விடியுமளவும் எரியவிடுவது இக்காலத்து வழக்கம். நெல்வயலில் விளக்குப்பொறி வைப்போர் முன்னிரவில் சில மணி நேரமே அதனை எரியவிடவேண்டுமென்று சொல்லப்படுவதன் காரணம், இரவு முழுவதும் எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் வந்து மடியும் என்பதே. பொறிக்குப் பொருந்தும் நியாயம் பாதை விளக்கிற்குப் பொருந்தாதோ? மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் அந்துப்பூச்சிகள் விளக்கைச் சுற்றியே இரவைக் கழித்து மாய்கின்றன. மின்மினிகள் வேற்றொளி மிக்க இடத்தில் இணையைக் காணமாட்டாமல் அருகிவிடுகின்றன. நீலங்கலந்த வெள்ளொளியைவிட மஞ்சளொளி பூச்சிகளைக் குறைவாகவே ஈர்க்கிறது.

இத்தகைய இடங்களைச் சட்டம் காக்காதோ என்று எண்ணலாம். நீர்நிலப் பாதுகாப்புக்கென 2017-ஆம் வருஷத்தில் மத்திய அரசாங்கம் விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளுக்குட்பட்ட நீர்நிலங்களில், பத்து வருஷத்துச் சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டடம் எழுப்பலாகாது. படகுத்துறைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் பாசனத்திற்கென மனிதரால் வெட்டப்பட்ட நீர்நிலைகள் அவ்விதிகளில் நீர்நிலம் என்பதன் இலக்கணத்திலிருந்தே விலக்கப்பட்டுள்ளன. எனவே வேடந்தாங்கல், கரிக்கிலி போன்று 2022-ஆம் வருஷத்தில் ராம்சார் பட்டியலில் சேர்ந்து புகழ்பெற்ற ஏரிகள் ஒருபுறமிருக்க, பெயர் அறியப்படாத ஆயிரக்கணக்கான கிராமத்து ஏரிகளுக்கு அவ்விதிகளின் துணை இல்லை. அவற்றின் மேட்டுப்புறம் பிழைப்பதும் அழிவதும் திட்டம் வரைவோரின் விவேகத்தையும் ஊராரின் விழிப்பையும் பொறுத்தே இருக்கிறது.

ஊராரின் விழிப்பு எத்துணை வலியது என்பதற்கு வேடந்தாங்கலே சான்று. அவ்வூரார் தங்கள் ஏரியிலுள்ள பறவைகளை வேட்டையாடலாகாதென்று கேட்டுக்கொண்டு, 1798-ஆம் வருஷத்திலேயே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் உரிமை பெற்றனர். பறவையெச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தனர். ஆதலின் அவர்களுடைய அன்பு வெறும் இரக்கமன்று, விவசாய அறிவுமாகும். அங்கே வருவோர் ஏரியைச் சுற்றி வருவதில்லை. கரையின் ஒரு பகுதியில் மட்டும் நடந்து, கோபுரத்தின்மீது ஏறி நின்று, நீர் நடுவே மரங்களில் தங்கியுள்ள பறவைகளைத் தொலைவிலிருந்தே கண்டு திரும்புகின்றனர். எனினும் ஆண்டுதோறும் திரளான ஜனங்கள் மகிழ்ச்சியோடு வருகின்றனர். ஏரியை முழுதும் சுற்றாவிடில் இன்பமில்லை என்னும் எண்ணம் ஆதாரமற்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. திருநெல்வேலி ஜில்லாவில் கூந்தன்குளத்து மக்களும், சிவகங்கை ஜில்லாவில் பறவைகளுக்காகத் தீபாவளியன்று வெடி கொளுத்தாதிருக்கும் கொள்ளுகுடிப்பட்டி மக்களும் இவ்வுண்மையை வேறு வழியில் மெய்ப்பித்து வருகின்றனர். நகரத்தாராலும் இது இயலாததன்று. கோயம்புத்தூரிலேயே சிங்காநல்லூர்க் குளம் 2017-ஆம் வருஷத்தில் பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். மண்பாதை மழையில் சேறாகும் என்பது ஒன்று. விளக்கில்லாத பாதையில் பெண்கள் செல்ல அஞ்சுவர் என்பது மற்றொன்று. இரண்டும் மதிக்கத்தக்கவையே. கிராவல் மண்ணை நன்றாகக் கெட்டித்து, நடுவில் சிறிது உயர்த்தி, இருபுறமும் நீர் வடியச் செய்தால் நடப்போர்க்கும் மிதிவண்டிக்கும் அது போதுமானது. செலவும் காங்கிரீட்டைவிடக் குறைவு. பழுது பார்ப்பதையும் உள்ளூராரே செய்யலாம். விளக்கோவெனில், குடியிருப்பை ஒட்டி ஜனங்கள் இரவிலும் செல்லவேண்டிய வழியில் அவசியம் வேண்டும். உலாவுவதற்கென்றே அமைந்த பகுதியில் இரவு எட்டு ஒன்பது மணிக்குமேல் வேண்டுவதில்லை. வேலைக்குச் செல்லும் பெண்ணின் பாதுகாப்பையும் பொழுதுபோக்க வருவோரின் விருப்பத்தையும் ஒன்றாகக் குழப்பாமலிருந்தால், எங்கே விளக்கு வேண்டும் என்பது தானே விளங்கும்.

மேற்கூறியவற்றால், ஏரி, குளம், வாய்க்கால் ஆகியவற்றின் அருகே புதிய பாதை அமைக்க எண்ணுவோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்வது நலம்:

1. பாதையின் கோட்டை வரையுமுன், தொடலாகாத இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளவேண்டும். வரத்துக்கால்வாய், கலிங்கு, மதகு, மேட்டுப்புறச் சேற்றோரம், கூடுள்ள மரங்கள், மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் பொந்து வைக்கும் மண்சரிவுகள் ஆகியவை அதில் அடங்கும். ஒரு நாள் பார்வை போதாது. மழைக்காலத்திலும் கோடையிலும் சென்று பார்த்தல் வேண்டும்.

2. ஏற்கெனவே காலடியும் வண்டிச்சுவடும் பட்ட வழியையே திருத்திக்கொள்ளவேண்டும். புதர் அடர்ந்த புது இடத்தில் வழி திறக்கலாகாது. கரையின் மேற்புறம் குறுகலாயிருப்பின் அதனை நீர்ப்பக்கம் அகலப்படுத்தாமல், வெளிப்புற அடிவாரத்திலுள்ள வண்டிப்பாதையைப் பயன்படுத்தலாம்.

3. ஏரியை முழுவட்டமாகச் சுற்றலாகாது. மேட்டுப்புறத்தைத் திறந்தே விடவேண்டும். சென்ற வழியே திரும்பி வருவதால் நடப்போர்க்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

4. வேலையைத் தொடங்குமுன் அவ்வேரியில் எப்பறவை எப்போது கூடு வைக்கிறதென்று உள்ளூராரிடம் விசாரித்தறியவேண்டும். நாரையும் கூழைக்கடாவும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கூடு வைக்கும். குடிமராமத்துக்கு உரிய கோடைக்காலமே பொதுவாக மண்வேலைக்கு ஏற்றது. ஆயினும் அப்பொழுதும் ஆள்காட்டி திறந்த தரையிலேயே முட்டையிடுமாதலால், அவ்விடங்களை விலக்கி வேலை செய்யவேண்டும்.

5. அழகுச்செடிகளையும் அயல்நாட்டுப் புல்லையும் வைப்பதை விடுத்து, பனை, புங்கு, மருது, நாட்டுக்கருவேல், வெட்டிவேர் முதலியவற்றை அவ்வவற்றிற்குரிய இடமறிந்து நடவேண்டும். கரையின் உட்சரிவில் பெருமரம் வைப்பதற்குமுன் பாசன அதிகாரிகளின் யோசனையைப் பெறவேண்டும்.

6. விளக்கு வேண்டிய இடத்தில் மட்டும், தாழ்வாக, தரையை நோக்கி, மஞ்சளொளி தருவதாக அமைத்து, குறித்த நேரத்தில் அணைத்துவிடவேண்டும்.

7. ஆயக்கட்டு விவசாயிகள், மீன்பிடிப்போர், ஆடுமாடு மேய்ப்போர் ஆகியோரின் வழியும் துறையும் அடைபடலாகாது.

இவற்றுள் கடைசியாகச் சொன்னதே பெரும்பாலும் முதலில் மறக்கப்படுகிறது. பாதைத் திட்டம் நகரில் வரையப்படுகிறது. ஏரியோ கிராமத்தாரின் வாழ்வோடு கலந்தது. எந்த மாதத்தில் எந்தக் கால்வாயில் வெள்ளம் வரும், எந்த மரத்தில் கொக்கு அடையும், எவ்விடத்தில் கரை கசியும் என்பவற்றை அளவுக்கருவியைக் காட்டிலும் ஆயக்கட்டுக்காரரே நன்கறிவர். 2000-ஆம் வருஷத்துப் பாசன நிர்வாகச் சட்டத்தின்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் உள்ள இடங்களில் அச்சங்கத்தின் முன்பும், மற்ற இடங்களில் கிராமசபையின் முன்பும் வரைபடத்தை விரித்து வைத்து, வேலை தொடங்குமுன்பே அவர்கள் அபிப்பிராயத்தைக் கேட்பது அரசு இலாகாக்களின் கடமை. கேட்கும்வரை காத்திராமல், தங்கள் ஏரியின் எப்பக்கத்தில் வழி விடலாம், எப்பக்கத்தை விடலாகாது என்பதை முன்கூட்டியே கூடி முடிவுசெய்து எழுதிவைப்பது விவசாயிகளின் கடமை.

ஏரி முதலில் நீருக்கும் அடுத்து அதனால் விளையும் வயலுக்கும் உரியது. அவ்வயலுக்கு உதவும் உயிர்களுக்கும் அதில் பங்குண்டு. உலாவ வருவோரும் அங்கே இடம்பெறத் தக்கவரே, ஆயினும் அவர் விருந்தினர். ஒரு கரையில் அவர்களுக்கு நல்ல வழி விட்டு, மறுபக்கத்தைத் தண்ணீருக்கும் தவளைக்கும் நாரைக்கும் விட்டுவைத்தால் இருதிறத்தார்க்கும் குறைவில்லை. நாளைக்கு அப்பாதையில் நடந்து வரும் சிறுவன் மறுகரையை நோக்கி நிற்கும்போது, அங்கே காண்பதற்கு ஏதேனும் இருக்கவேண்டுமன்றோ?